படகில் வந்தவன் யார்

என் அக்காவுக்கும் அத்தானுக்கும் இடையே இருந்த வழக்குகளில் பெரும்பாலானவை தாமாகவே காலாவதியாகிவிட்டன. எந்த மார்க்கெட்டில் மீன் வாங்குவது, மகனுக்கு யார் பக்கத்துப் பெயரை வைப்பது என்பதெல்லாம் அந்தக் கணக்கில் சேரும். ஒன்று மட்டும் ஐம்பது வருடங்களுக்கு மேலாக நிலுவையில் நின்றது. ஒரு பழைய கறுப்பு வெள்ளை ரஷ்யப் படத்தின் கடைசியில் படகில் வந்தவன் யார் என்பது அது. அவன் கதாநாயகியின் புருஷன் என்பது அத்தான் கட்சி. இல்லை, வேறு எவனோ என்பது அக்கா கட்சி. இதில் கவனிக்க வேண்டியது, இருவருமே படத்தின் முடிவைப் பார்த்ததில்லை.

நான் இங்கே பர்மாவில், போட்டாதாங் துறைமுகத்துப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில், கப்பல் சரக்குக்கு அனுமதி எழுதும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்தக் காகிதம் எந்த மேசைக்குப் போகும், எங்கே போய்ப் படுத்துத் தூங்கும், அதை எப்படி எழுப்ப வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஓய்வுக்குப் பின் இந்த அறிவு வீட்டுக்குப் பயன்படும் என்று எதிர்பார்த்தேன். என் மனைவி இருந்தவரை அதற்கு அனுமதி தரவில்லை. ஆகவே இப்போது அக்கா வீட்டுக்குப் போய்ப் பயன்படுத்துகிறேன்.

அக்கா வீடு மூன்றாம் மாடி. ஏணியைக் கொஞ்சம் சாய்த்து வைத்து அதற்கு மாடிப்படி என்று பெயர் சூட்டிய கட்டடம். அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. போன மழைக்காலத்தில் ஒரு படியை இரண்டு படியாகப் பார்த்து, இல்லாத படியில் கால் வைத்து உருண்டாள். முழங்கையோடு போயிற்று. டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, புரை முற்றிவிட்டது, இன்னும் தள்ளிப்போட்டால் வலது கண்ணைக் காப்பாற்ற முடியும் என்று சொல்வதற்கில்லை என்றார். அக்காவின் மருமகள் இரண்டு தடவை அறுவைக்குத் தேதி வாங்கினாள். முதல் தேதியன்று அக்காவுக்கு வயிற்றுவலி. இரண்டாம் தேதியன்று அமாவாசை. மூன்றாவதாக ஒரு தேதி வாங்கியிருந்தாள். அன்று அக்காவுக்கு என்ன வரப்போகிறது என்று வீடே காத்திருந்தது.

அத்தானுக்குக் காது. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருக்கும் மகன் காது மிஷின் வாங்கி அனுப்பினான். அத்தான் அதைப் பெட்டியோடு கண்ணாடி அலமாரியில், விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் பீங்கான் கோப்பைகளுக்கு நடுவே வைத்துவிட்டார். எந்த விருந்தாளியும் இதுவரை அதைக் கேட்கவில்லை.

"இவுக மொதல்ல மிஷினப் போடட்டும். பெறகு நான் கண்ணக் குடுக்கறேன்" என்பாள் அக்கா.

"என்ன சொல்றா?" என்று அத்தான் என்னைக் கேட்பார்.

"ஒங்கள மிஷின் போடச் சொல்றாங்க!"

"அவ மொதல்ல கண்ணப் பாக்கட்டும். நான் எங்கயும் ஓடிப்போயிட மாட்டேன்."

"ஓடித்தான் பாருங்களேன். எனக்குத் தெரியவா போகுது?"

இது எனக்குப் பழக்கமான நிலைதான். இரண்டு பிரிவுகள், ஒன்றின் கையெழுத்துக்காக மற்றது காத்திருக்கும். இரண்டு அதிகாரிகளும் ஓய்வு பெறும்வரை அந்தக் கோப்பு நகராது. இவர்கள் இருவரும் ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்கள். அடுத்து இவர்களுக்குக் கிடைக்கக்கூடிய விடுவிப்பு ஒன்றுதான் என்பதால், கோப்பை நானே நகர்த்துவது என்று முடிவு செய்தேன்.

அதற்கு வழி அன்றைய சண்டையிலேயே கிடைத்தது. அவர்கள் சண்டை எங்கே தொடங்கினாலும் கடைசியில் அந்தப் படத்தில்தான் போய் நிற்கும்.

"காது நல்லா இருந்த காலத்துலயே ஒங்களுக்கு ஒண்ணும் வெளங்காது. அந்த ரஷ்யாக்காரன் படத்துலயே பாத்தேன்ல!"

வேறு எது கேட்காவிட்டாலும் இது மட்டும் அத்தானுக்கு மிஷின் இல்லாமலே கேட்கும்.

"படத்தப் பத்திப் பேசாத! வந்தவன் புருஷன்தான்!"

"இல்ல."

"புருஷன்தான்னேன்!"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப பந்தயம் கட்டுங்க" என்றேன். "நான் அந்தப் படத்தத் தேடி எடுத்துட்டு வர்றேன். வந்தவன் புருஷன்னா அக்கா கண்ண ஆபரேஷன் பண்ணிக்கணும். புருஷன் இல்லன்னா அத்தான் மிஷின் போட்டுக்கணும்."

இதை அத்தானின் இடது காதில் இன்னொரு முறை கத்தினேன். இருவரும் ஒரே சமயத்தில் சரி என்றார்கள். அவர்கள் ஒரே சமயத்தில் சரி சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இருவருக்கும் தோற்பதாக உத்தேசமில்லை என்பதுதான் காரணம்.

அந்தப் படத்தை நாங்கள் பார்த்த கதையைச் சொல்ல வேண்டும். அக்காவுக்குக் கல்யாணமான புதிது. புதுத் தம்பதி முதல் தடவை சினிமாவுக்குப் போனால் பெண்ணின் தம்பியும் கூடப் போவது அப்போது எங்கள் வழக்கம். தம்பி நடுவில் உட்கார வேண்டும். நான் அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தேன், அலுவலகத்தில் மடிப்புக் கலையாத கால்சட்டை போட்ட முழு ஆள். இருந்தும் அக்காவுக்கும் அத்தானுக்கும் நடுவே வேலிக்கம்பம் மாதிரி உட்கார்ந்தேன். அன்று வேறு படம் கிடைக்கவில்லை. பர்மியத்தில் அந்தப் படத்துக்குக் காதலும் மல்லிகையும் கலந்த ஒரு தலைப்பு வைத்திருந்தார்கள். உள்ளே போனால் மல்லிகை இல்லை, பனிதான். திரையின் அடியில் ஆங்கிலத்தில் வசனம் ஓடியது. வெள்ளைப் பனியின் மேல் வெள்ளை எழுத்து. யாராவது கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு குறுக்கே நடந்தால் மட்டும் இரண்டு வார்த்தை தெரியும்.

கதை இவ்வளவுதான். ஆற்றங்கரையில் ஒரு கிராமம். அங்கே படகுத்துறையை நடத்துகிறாள் ஒருத்தி. புருஷன் போருக்குப் போனவன், போர் முடிந்தும் வரவில்லை. தந்தி ஆபீஸில் வேலை செய்யும் கண்ணாடிக்காரர் ஒருவர் அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று தினமும் வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்கிறார். குளிர்காலம் முழுதும் மறுத்தவள், கடைசியில் சரி என்கிறாள். அன்றைக்கே ஆற்றில் பனிக்கட்டி உடைந்து முதல் படகு வருகிறது. மூடுபனிக்குள் படகில் ஒருவன் நிற்கிறான். அவள் விளக்கைத் தூக்கிப் பிடிக்கிறாள்.

அந்த இடத்தில் திரை வெள்ளையாகிவிட்டது. அதுவும் பனிதான் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு மேனேஜர் வந்து, இரண்டு தியேட்டருக்கும் ஒரே பிரதிதான், கடைசி ரீல் அந்தத் தியேட்டரிலிருந்து சைக்காவில் வந்துகொண்டிருக்கிறது என்றார். மூன்று சக்கரமும் மிதிக்கிற ஒரு ஆளும் உள்ள சைக்காவில் எங்கள் ஊரில் எதுவும் வரும். அன்று ரீல் மட்டும் வரவில்லை. நாங்களும் ஒரு சைக்காவில்தான் வீடு திரும்பினோம். ஏறி உட்கார்ந்ததும் அத்தான், "நல்ல வேளை, புருஷன் வந்து சேந்துட்டான்" என்றார். அக்கா, "அவனாவது, வர்றதாவது" என்றாள். வழக்கு பதிவானது அப்போதுதான்.

ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்று பின்னாளில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அக்கா, "எனக்குத் தெரியும்" என்பாள். அத்தான், "என் கண்ணால பாத்தேன்" என்பார். காரணம் கூறாத உத்தரவுகள் செல்லாது என்று இருவருக்கும் எடுத்துச் சொன்னதில் பயனில்லை.

நான் ரஷ்ய மொழி படித்ததற்கும் அந்தப் படத்துக்கும் சம்பந்தமில்லை. அயல்மொழித் தேர்வில் தேறினால் சம்பளத்தோடு ஒரு படி உண்டு என்று விதி இருந்தது. மற்ற மொழி வகுப்புகளில் இடமில்லை, ரஷ்ய வகுப்பில் வாத்தியாரைத் தவிர யாருமில்லை. ஆகவே நான் ரஷ்ய இலக்கணம் படித்தேன். ஓய்வு பெறும்வரை அந்த மொழியில் எனக்குக் கிடைத்த ஒரே வேலை, துறைமுகத்தில் ஒரு கப்பல் சமையல்காரருக்கு முட்டைக்கோஸ் விற்கும் இடத்தைக் காட்டியதுதான்.

இப்போது அதற்கு இரண்டாவது வேலை வந்தது. போனில் 'படகுத்துறை', 'பனி', 'தந்தி', 'பெண்' என்று ரஷ்ய எழுத்தில் மாற்றி மாற்றித் தட்டினேன். முதலில் ஒரு டிராக்டர் படம் வந்தது. பிறகு ஓர் உருளைக்கிழங்குப் பண்ணை. பிறகு இன்னொரு டிராக்டர். ஒருவழியாக மூடுபனி, படகுத்துறை, தொப்பியைக் கழற்றி நிற்கும் கண்ணாடிக்காரர் எல்லாம் ஒன்றாக வந்தார்கள். முடிவைப் பார்க்காமல் போனை மூடி வைத்தேன். தீர்ப்புச் சொல்கிறவன் சாட்சியைத் தனியாகச் சந்திக்கக் கூடாது.

ஒரு வீட்டில் கூட்டம் கூட்டினால் வார்டு அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டுமே என்ற சந்தேகத்தையும் தீர்த்துக்கொண்டேன். நாங்கள் நான்கு பேர்தான். சொல்லத் தேவையில்லை என்பது எனக்குத் தெரியும். தேவையில்லை என்பதை உறுதி செய்துகொள்ளத்தான் போனேன். அங்கிருந்த எழுத்தர் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஊலே, உங்க அக்கா வீட்ல டிவி பாக்கப்போறீங்க, அதச் சொல்லவா வந்தீங்க?" என்று பர்மியத்தில் கேட்டாள். ஊலே என்றால் மாமா. ஆமாம் என்றேன். "போய்ப் பாருங்க" என்றாள். இதை வாய்மொழி அனுமதி என்று எடுத்துக்கொள்ளலாம்.

மின்சாரம் எங்கள் தெருவுக்கு முறை வைத்து வருகிறது. பகலில் வரும் முறையைப் பார்த்து நேரம் குறித்தோம். மருமகள் போனிலிருந்த படத்தை டிவியில் ஓடும்படி இணைத்தாள். அவள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கே. வாக்கியத்தின் முடிவில் ஒரு பர்மிய 'நோ' வைக்காமல் அவளுக்குத் தமிழ் முடியாது. "அத்தே, ஜன்னல் சீலய மூடறேன் நோ. ஊலே, மீ போறதுக்குள்ள பாத்து முடிச்சிடணும் நோ" என்றாள். மீ என்றால் நெருப்பு, விளக்கு, மின்சாரம் எல்லாம். அறை இருட்டாயிற்று. பால்கனியிலிருந்து கயிறு விட்டு, கீழே டீக்கடையிலிருந்து தூக்குவாளியில் டீயை மேலே இழுத்து வைத்தாள். பக்கத்தில் ஒரு தட்டு சமுசா.

நான் எழுந்து நின்று விதிகளைச் சொன்னேன். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பேன், விளக்கம் தரமாட்டேன். தோற்றவர் தோற்றதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னதைத் திரும்பப் பெற முடியாது. மேல்முறையீடு கிடையாது.

"எப்பப் பாரு ஆபீசு" என்றாள் அக்கா. "படத்தப் போடு."

இடையூறு எனக்குத் தெரிந்ததுதான். அக்காவுக்குப் படம் தெரியாது, வெள்ளையாக ஏதோ அசைவது மட்டும் தெரியும். அத்தானுக்கு ஒலி கேட்காது. ஆகவே அக்காவுக்கு என்ன நடக்கிறது என்றும், அத்தானுக்கு என்ன பேசுகிறார்கள் என்றும் சொல்ல வேண்டும். அத்தானுக்குச் சொல்வது தெருவுக்கே சொல்வது மாதிரி. கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுப் பால்கனியிலிருந்து, நம்மவர் வீட்டு அம்மாள் ஒருத்தி, "மாமா, அந்தத் தந்திக்காரருக்கு என்னதான் பதில் சொன்னா?" என்று கேட்டாள்.

தொடக்கத்திலேயே ஒரு தகராறு. கதாநாயகி மாமியாரிடம் ஏதோ சொன்னாள். அதில் 'மோய்' என்று ஒரு வார்த்தை. நான், "எங்க வீட்டு ஆளு வசந்தத்துல வந்துருவாரு" என்று மொழிபெயர்த்தேன்.

அக்கா நிமிர்ந்தாள். "நிறுத்து. திரும்பப் போடு."

மருமகள் திரும்பப் போட்டாள். கதாநாயகி மறுபடி 'மோய்' என்றாள்.

"தம்பி, இப்ப என்ன சொன்னா?"

"மோய். என்னுடையவர்னு அர்த்தம். அந்த ஊர்க் கிராமத்துப் பொம்பளைங்க புருஷனப் பேர் சொல்லாம இப்படிச் சொல்றதுண்டு. நீங்க 'எங்க வீட்டு ஆளு'ன்னு சொல்ற மாதிரி."

"மொய் இல்லையா?"

"என்ன மொய்?"

"கல்யாணத்துக்கு எழுதற மொய்."

"ரஷ்யாவுல யாருக்கா மொய் எழுதறாங்க?"

அக்கா ஒரு சமுசாவை எடுத்தாள். "ஒண்ணுமில்ல. ஓட்டு."

கொஞ்ச நேரத்தில் அத்தான் முறை. சுவரில் மாட்டியிருந்த ஒரு போட்டோவைக் கதாநாயகி துடைத்தாள். பட்டாளத்து உடையில் ஓர் இளைஞன். மீசை, அகலமான முகவாய், முகத்திலிருந்து விலகி நிற்கும் இரண்டு பெரிய காதுகள்.

"இது யாரு?" என்றார் அத்தான்.

"புருஷன்!" என்று கத்தினேன்.

"இந்தப் போட்டோ அன்னிக்கு இல்லயே."

"இருந்துச்சே! அடிக்கொருதரம் தொடச்சாளே!"

அத்தான் டிவியின் வலது ஓரத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஓரத்தில் அவருக்கு ஏதோ கணக்கு உதைத்தது.

குளிர்காலம் போயிற்று. தந்திக்காரரை அவள் ஒவ்வொரு தடவையும் பெயரும் தகப்பன் பெயரும் சேர்த்து முழு நீளத்துக்கு அழைத்தாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கழற்றி அவர் தலையில் பனி விழுந்தது. கடைசியில் சரி என்றாள். எதிர்வீட்டு அம்மாள், "ஐயோ, அவசரப்பட்டுட்டாளே" என்றாள். ஆறு உடைந்தது. மூடுபனி வந்தது. படகு வந்தது. அவள் விளக்கைத் தூக்கிப் பிடித்தாள்.

மின்சாரம் போய்விட்டது.

முறைப்படி போக வேண்டிய நேரமில்லை. இதை எங்கே எழுதிக் கேட்பது என்று எனக்குத் தெரியும். கேட்டு என்ன ஆகும் என்பதும் தெரியும். கீழே கடைகளில் ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின. மருமகள், "போன்லயே பாக்கலாம் நோ, அத்தே" என்றாள்.

"இத்தன வருசம் காத்திருந்துட்டு உள்ளங்கைக்குள்ள பாக்கவா?" என்றாள் அக்கா. "இருக்கட்டும். மீ வரட்டும்."

இருட்டில் நான்கு பேரும் உட்கார்ந்திருந்தோம். முதலில் பேசியது அக்காதான்.

"தம்பி, நான் அவன் வரமாட்டான்னு ஏன் சொன்னேன்னு கேப்பியே."

"ஆமா."

"படம் பூரா அவ 'மொய், மொய்'ங்கறா. மாமியாகிட்ட மொய்ங்கறா. தந்திக்காரன்கிட்ட மொய்ங்கறா. தனியா ஆத்தப் பாத்துக்கிட்டு மொய்ங்கறா. கல்யாண மொய்ய அள்ளிக்கிட்டு ஓடிப்போன பயல்னு நெனச்சேன். அப்படிப்பட்டவன் திரும்பி வருவானா?"

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சிரிக்கவில்லை, விசாரணை நடந்துகொண்டிருந்தது. "சரி, இத ஏன் இத்தன வருசமா சொல்லல?"

"எப்படிச் சொல்ல? எங்க கல்யாண மொய் இவுக சித்தப்பா கைக்குப் போச்சு. அங்கயே தங்கிருச்சு. கல்யாணமாகி மாசம் ஆகல. மொய்ய எடுத்தவன் வரமாட்டான்னு நான் சொன்னா, சித்தப்பாவச் சொல்றேன்னு இவுக நெனைக்க மாட்டாகளா?"

"என்ன சொல்றா?" என்றார் அத்தான். இருட்டில் அவரால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. மருமகள் போன் விளக்கை அக்காவின் வாயில் அடித்தாள். அக்கா மறுபடி முழுவதையும் சொன்னாள்.

"சித்தப்பாவத்தான் சொல்றேன்னு அப்பவே சொல்லியிருந்தா நானும் கூடச் சேந்து சொல்லியிருப்பேனே" என்றார் அத்தான். பிறகு, "அந்த விளக்க என் பக்கம் திருப்பு" என்றார். அவர் பேசுவது எங்களுக்கு இருட்டிலேயே கேட்கும், ஆனாலும் மருமகள் திருப்பினாள். வாக்குமூலம் கொடுக்கிறவருக்கு வெளிச்சம் வேண்டியிருந்திருக்கும்.

"எனக்கு முன்னாடி ஒரு தூணு" என்றார்.

"எங்க?"

"தியேட்டர்ல. மூணு சீட்ல ஒண்ணு தூணுக்குப் பின்னாடி. நான் போயி அதுல உக்காந்துட்டேன். எனக்கு இடது பாதிப் படம்தான் தெரிஞ்சுது. போட்டோ எல்லாம் வலது பக்கம் மாட்டியிருக்கான், திருட்டுப் பய. புருஷன் மூஞ்சியே நான் பாக்கல. படகு இடது பக்கமா வந்துச்சு, பட்டாளத்துக் கோட்டு போட்டிருந்தான், சரி புருஷன்னு வச்சுக்கிட்டேன்."

"அத அன்னிக்கே சொல்றதுக்கென்ன?" என்றாள் அக்கா.

உதடு தெரியாமலே அவருக்கு இந்தக் கேள்வி விளங்கிவிட்டது. "புதுப் பொண்டாட்டிகிட்ட, காசு குடுத்து ரெண்டு மணி நேரம் தூணப் பாத்தேன்னு சொல்லவா?"

ஐம்பது வருடத்து வழக்கில் ஒரு கட்சிக்காரர் தப்பாகக் கேட்டவர், மற்றவர் பாதி பார்த்தவர். இன்று கேட்டவருக்குப் பார்வையில்லை, பார்த்தவருக்குக் காதில்லை. சாட்சிகளை இதைவிட மோசமாகத் தேர்ந்தெடுக்க எந்த அலுவலகத்தாலும் முடியாது.

அப்போது தெருவே ஒரே குரலில் "மீ லாபி!" என்று கத்தியது. மின்சாரம் வந்துவிட்டது என்று எங்கள் ஊர் இன்னமும் குழந்தை மாதிரிதான் கத்துகிறது. அக்காவும் சேர்ந்து கத்தினாள்.

படம் ஓடியது. சைக்காவில் வராமல்போன அந்த ரீலின் நீளம், நாங்கள் ஒரு டீயைக் குடித்து முடிக்கும் நேரம்கூட இல்லை. படகு நெருங்கியது. அவள் மூடுபனியைப் பார்த்து ஏதோ கத்தினாள்.

"யாருன்னு கேக்கறா" என்றேன்.

படகிலிருந்து ஒரே வார்த்தை வந்தது. 'ஸ்வோய்.'

இந்த வார்த்தைக்கு எங்கள் வாத்தியார் ஒரு வகுப்பு முழுவதையும் செலவழித்திருக்கிறார். வேற்றாள் இல்லை, நம்மவன் என்று பொருள். வீட்டுக்காரனும் சொல்லலாம், அதே ஊர்க்காரன் எவனும் சொல்லலாம். சொல்லுக்குச் சொல் என்று விதி போட்டவன் நான்தான். "நம்ம ஆளு" என்றேன்.

அவள் விளக்கைக் கொஞ்சம் தாழ்த்தினாள். பிறகு கோபமாக ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏன் இவ்வளவு நேரம்னு கேக்கறா."

படகு கரையில் முட்டியது. 'முடிவு' என்று ரஷ்ய எழுத்து வந்தது, அதுவும் வெள்ளைப் பனியின் மேல் வெள்ளையாக. அவ்வளவுதான் படம்.

நான் இரண்டு கட்சியையும் பார்த்தேன். சட்டப்படி இந்தச் சாட்சியத்தை வைத்து எந்தத் தீர்ப்பும் எழுத முடியாது. படகுத்துறை நடத்துகிறவள் படகு பிந்தினால் யாரை வேண்டுமானாலும் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்பாள். டாலா படகுத்துறையில் நானே கேட்டிருக்கிறேன், படகோட்டி என் புருஷன் இல்லை. வழக்கு தள்ளுபடி என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நான் தோத்துட்டேன்" என்றார் அத்தான்.

"என்ன?"

"அது புருஷன் இல்ல. மீசைய மழிக்கலாம், மெலிஞ்சு போகலாம். காத என்ன பண்ணுவான்? போட்டோவுல அவ்வளவு பெருசு. வந்தவனுக்கு எலிக் காது. எவனோ ஒருத்தன். அவ சொன்னதுதான் சரி."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அக்காவும் பேசிக்கொண்டிருந்தாள், அவர் சொன்னதைக் காதில் வாங்காமல். "இல்ல தம்பி, நாந்தான் தோத்துட்டேன். அது புருஷன்தான். தந்திக்காரனப் பேரு, அப்பன் பேரு எல்லாம் சேத்துக் கூப்புட்டாளே, இவன ஒரு பேரும் சொல்லிக் கூப்புடல பாத்தியா? இருந்திருந்து வந்தவன வான்னு சொல்லாம ஏன் இவ்வளவு நேரம்ங்கறா. புருஷனத் தவிர வேற எவனக் கேப்பா? இவுக சொன்னதுதான் சரி."

ரஷ்யப் பெண்கள் புருஷனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். 'மோய்' என்பதெல்லாம் மற்றவர்களிடம் பேசும்போதுதான். நேரில் பார்த்தால் பெயர், கொஞ்சல் பெயர், தகப்பன் பெயர் என்று ஏதாவது ஒன்று நிச்சயம் வரும். ஆகவே அக்காவின் வாதத்தின்படியே பார்த்தால் வந்தவன் புருஷன் இல்லை என்றுதான் ஆகும். இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கேட்கப்படாத கேள்விக்குப் பதில் எழுதக் கூடாது என்பதுதான் அலுவலகத்தில் நான் கற்ற முதல் பாடம். அறுவைக்கு வாங்கிய மூன்றாவது தேதி அந்த வாரக் கடைசியில் இருந்தது. நான் விதியைப் பின்பற்றினேன்.

"ரெண்டு பேரும் தோத்ததா வாய்விட்டுச் சொல்லியாச்சு" என்றேன். "திரும்பப் பெற முடியாது. அக்கா கண்ணுக்கு, அத்தான் காதுக்கு."

"அதெப்படி? அவுகதான் மொதல்ல சொன்னாக!" என்றாள் அக்கா.

"என்ன சொல்றா?"

"நீங்க மொதல்ல சொன்னீங்களாம்!"

"அவளும் சொன்னாள்ல! வாய் அசஞ்சத நான் பாத்தேனே!"

"மேல்முறையீடு கிடையாது" என்றேன். என் பணிக்காலம் முழுவதிலும் ஒரு கோப்பை ஒரே நாளில் முடித்தது அன்றுதான்.

குறித்த நாளன்று அக்காவுக்கு வயிற்றுவலி வரவில்லை, அமாவாசையும் இல்லை. மாடிப்படியில் நானும் மருமகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினோம். அத்தான் முன்னால் போய், "இன்னும் ஒரு படி, இன்னும் ஒரு படி" என்று எண்ணிக்கொண்டே இறங்கினார். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து மிஷினை எடுத்து, கண்ணாடி அலமாரிக்கு வெளியே முதல் தடவையாகக் காதில் மாட்டிக்கொண்டார். மாட்டியதும் துள்ளி விழுந்தார். சுற்றிலும் பார்த்தார். "மாப்ளே, இந்த ஊரு எப்பவுமே இப்படித்தான் கத்துமா?" என்றார். அதற்குப் பிறகு அக்கா உள்ளே போன கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருதரம் மட்டும், "அவ கூப்புட்டா எனக்குக் கேக்கும்ல?" என்று கேட்டார். கேட்கும் என்றேன்.

வலது கண் பிழைத்தது. சில வாரம் கழித்து இடது கண்ணும் முடிந்தது. கட்டு எல்லாம் எடுத்து, சொட்டு மருந்துக் காலமும் தீர்ந்தபின் நான் போயிருந்தேன். அக்கா என்னை வாசலிலேயே நிறுத்தி நன்றாகப் பார்த்தாள்.

"தம்பி, நீ எப்படா இவ்வளவு கெழவனான?"

"படிப்படியாகத்தான்" என்றேன்.

அன்று பகலில் மின்சாரம் இருந்தது. அக்காவே, "அந்தப் படத்த ஒருதரம் போடு, கண்ணு தெரியறப்ப பாக்கணும்" என்றாள். மருமகள் போட்டாள். இந்தத் தடவை நான் அக்காவுக்கு எதையும் விவரிக்கவில்லை, அத்தானுக்கு எதையும் கத்தவில்லை. வசனத்தை மட்டும் சாதாரணக் குரலில் சொல்லிக்கொண்டு வந்தேன். எதிர்வீட்டு அம்மாள், "இன்னிக்கு ஒண்ணும் கேக்கலயே" என்று குறைப்பட்டாள்.

படகு வந்து முட்டியது. பனியின் மேல் வெள்ளை எழுத்து வந்தது.

"அட!" என்றாள் அக்கா. "காதப் பாருங்க! இது புருஷனே இல்ல. நான் அன்னிக்குச் சொன்னதுதான் சரி."

"அவ குரலக் கேட்டியா?" என்றார் அத்தான். "ஏன் இவ்வளவு நேரம்னா பாரு, தொண்ட கட்டிக்கிச்சு. வேத்து ஆளப் பாத்தா அந்தக் குரல் வருமா? புருஷன்தான். நான் அன்னிக்கே சொன்னேன்."

"காதுங்க, காது!"

"கொரலு!"

நான் எழுந்து செருப்பை மாட்டினேன். முடிந்த கோப்பைத் திரும்பத் திறக்க எனக்கு அதிகாரமில்லை. முதல் மாடிவரை இறங்கும்போதும் அக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது. பிறகு அத்தானின் குரல்.

"ஏன் இப்படிக் கத்தற? எனக்குத்தான் காது கேக்குதுல்ல!"